அசையக் கூடாது

இதனால் குடியிருப்போர் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், சங்கத் தலைவரின் இடுப்பு பிடித்துக்கொண்டது. சாதாரண இடுப்பு அல்ல அது. எட்டு ஆண்டுகளாக ஆறு மாடிகளையும் ஒரு லிஃப்டையும் ஒழுகும் தண்ணீர்த் தொட்டியையும் தாங்கி நின்ற இடுப்பு.

பிடித்துக்கொண்ட இடம், நாலாம் மாடி நடை. யாரோ வாசலில் விட்டிருந்த செருப்பை, விதிமீறல் என்று பறிமுதல் செய்யக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. செருப்புக்குச் சொந்தக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ, பெரியவங்க நீங்க, எதுக்கு சார் இதெல்லாம்?" என்று பதறிப்போனார்.

பீரோவைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்து கட்டிலில் போட்டார்கள். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் எலும்பு டாக்டர் வந்தார். கதவில் மாட்டிய பெயர்ப்பலகை விதியைவிட நாலு விரல் நீளம் என்று தலைவர் கழற்ற வைத்தாரே, அதே டாக்டர்தான். பாவம், மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளாமல் அழுத்திப் பார்த்தார்.

"தசைப்பிடிப்புதானே டாக்டர்?"

"அப்படித்தான் சார் ஆரம்பிக்கும். மல்லாந்து படுங்க. மறு உத்தரவு வர்ற வரைக்கும் அசையக் கூடாது."

சுற்றறிக்கைகளில் தான் எழுதும் வாசகமே மருத்துவமாகத் திரும்பி வந்ததில் தலைவருக்கு ஒரு திருப்தி. அடங்கிப் படுத்தார்.

இரண்டு நாளில் வலி விட்டது. டாக்டர் விடவில்லை. தினமும் மாலையில் வந்து, கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து, "ம்ஹூம்" என்பார். இடுப்புக்குப் பட்டை போட்டார்கள். ஜன்னல் காற்று நரம்புக்கு ஆகாது என்று அதைச் சாத்தினார்கள். போனைத் தூக்கினால் வலி கழுத்துக்கு ஏறும் என்று மனைவி அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மிஞ்சியது மேற்கூரை. அதில் ஓர் ஈரக்கறை இருந்தது. மேல்வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டிய நோட்டீசை மனத்துக்குள்ளேயே ஏழெட்டு முறை எழுதி, திருத்தி, கையெழுத்தும் போட்டார். கழிவறைக்குப் போகக்கூட மனைவியின் அனுமதி தேவைப்பட்டது. "கொஞ்சம் பொறுங்க, கை வேலையா இருக்கேன்" என்பாள். பொறுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு, தலைவர் தேர்தல். கூட்டத்துக்கு நேரில் வராதவருக்குப் பதவி கிடையாது என்று ஒரு விதி இருந்தது. எழுதியவர் அவரே.

சனிக்கிழமை மச்சினன் பார்க்க வந்தான்.

"என்ன அத்தான், இன்னும் படுத்துக்கிட்டு? போன மாசம் எனக்கும் இப்படித்தான் பிடிச்சுது. இதே டாக்டர்தான் பார்த்தாரு. ரெண்டாம் நாளே எழுந்து நடன்னு விரட்டினாரே! படுத்தே கிடந்தா இன்னும் இறுகிடுமாம்."

தலைவர் சிரித்தார். "உன் முதுகும் என் முதுகும் ஒண்ணாடா? உன்னுது சட்டை மாட்ட வச்சிருக்கிற முதுகு. என்னுது பொறுப்பைச் சுமக்கிற முதுகு."

"அதுவும் சரிதான்" என்று மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா, "உனக்கு நேரமாகலையாடா?" என்றாள்.

ஞாயிறு மாலை. கீழே கூடத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டதும் தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டையோடு ஒருக்களித்து, ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார்.

"என்ன காரியம் பண்றீங்க!" மனைவி ஓடிவந்தாள். "ஒரு பக்கமா இழுத்துக்கிட்டா ஆயுசுக்கும் இப்படியே கிடக்கணும்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

தரையில் வைத்த கால் தானாகக் கட்டிலுக்கு ஏறியது.

"நான் போகலைன்னா எல்லாம் போச்சுடி. எட்டு வருஷம்!"

"இருக்கிறது ஒரு முதுகு. அதைப் பாருங்க முதல்ல."

தலைவர் மேற்கூரையைப் பார்த்து யோசித்தார். "சரி, நீயாவது போ. நான் எழுந்திருக்கிற வரைக்கும் தேர்தலைத் தள்ளி வைக்கச் சொல்லு. உனக்குச் சபையில பேச வராது, தெரியும். ரெண்டு வார்த்தை போதும்."

"ரெண்டு வார்த்தைதானே? பேசிடறேன்" என்று தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள். தெரியாமல் எழுந்துவிடப் போகிறாரே என்று வெளியே பூட்டிக்கொண்டும் போனாள்.

சாத்திய ஜன்னலுக்கும் பூட்டிய கதவுக்கும் நடுவில், காது மட்டும் அசையலாம் என்ற நிலையில் தலைவர் கிடந்தார். கீழே சலசலப்பு அடங்கியது. மனைவியின் குரல்போல ஏதோ கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. ரெண்டு வார்த்தையைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் போனது. நடுவே சிரிப்பு. பிறகு கைதட்டல்.

அப்படி ஒரு கைதட்டலை அவர் கேட்டதில்லை. அவர் பேசினால், பேசி முடித்துவிட்டார் என்பதற்காக மட்டுமே தட்டுவார்கள். இது ஓய மறுத்தது, யாரோ விசிலடித்தார்கள். 'தள்ளி வைத்துவிட்டார்கள்! மனுஷன் படுத்தால்தான் அருமை தெரிகிறது' என்று நினைத்தபோது தலைவரின் கண் ஓரத்தில் கசிந்த நீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கவும் அனுமதி இல்லை.

பூட்டு திறந்தது. இரண்டு ஜோடிக் காலடிகள். நல்ல சேதியை ஒரு நோயாளிக்குரிய கௌரவத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி மனைவியிடம் கேட்டார்:

"தூங்கிட்டாரு. நாளையில இருந்து நடக்க விட்டுடலாமா, தலைவரம்மா?"