எதிரூர் மாடியில் ஒரு பிடி

என் மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது, பக்கத்து வீட்டு அமலோற்பவம் அக்கா எனக்குச் சொன்ன கதை இது.

மின்கம்பத்துக் கூட்டில் குஞ்சு பசியில் துவண்டு கிடந்தது. தாய்க்காகம் பறந்து வந்து, இரண்டு புறநகர்களின் எல்லையில் எதிரெதிரே நின்ற ஊர்ப் பலகைகளிடம், "எந்த ஊருக்குப் போனால் சோறு கிடைக்கும்?" என்று கேட்டது.

"எங்கள் ஆலம்பூரில் பூங்கா உண்டு, அகலமான ரோடு உண்டு" என்றது ஒன்று.

"உங்க ஊர்க் கொசுவைச் சொல்லாம விட்டுட்டியே! காக்காயே, நீ எங்கள் செங்கரைக்கு வா. ஏரிக்காற்று, ரயிலடி, சந்தை, எல்லாம் இருக்கு" என்றது மற்றது.

"சாப்பிடுமுன் காக்காயைக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்களா, ஐயா?"

இரண்டுக்கும் அது தெரியவில்லை. வருகிறவர்களைப் பார்த்தே நிற்கும் பலகைகள் அல்லவா? சொந்த ஊர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

காகம் கூட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

கடைசியில் ஆலம்பூர்ப் பலகை மெல்லச் சொன்னது: "எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிரூர்தான், தாயீ. செங்கரையில் அந்த நீல வீட்டு மாடியில் ஒரு அம்மா தினமும் சாமி கும்பிட்டுவிட்டுச் சோறு வைப்பாள். இதோ, இப்போதும் உன்னைத்தான் கூப்பிடுகிறாள். சீக்கிரம் போ."

அன்று குஞ்சு பிழைத்துக்கொண்டது.

இந்தக் கதையைக் கேட்ட நீங்களும், நாளைக்குச் சோறு வடித்ததும், உங்கள் வீட்டு மாடியில் காக்காய்க்கு ஒரு பிடி வையுங்கள், அம்மா.