ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

"இந்த மூணும் ஒரே வயித்துப் பிள்ளைங்க, மச்சான்," என்றான் லாயிட்.

மொட்டைமாடி வலைக்கூண்டுக்குள், காலையில் கூடு உடைத்து வந்த மூன்று பெண் வண்ணத்துப்பூச்சிகள் கறிவேப்பிலைச் செடியில் உட்கார்ந்து சிறகு காயவைத்துக்கொண்டிருந்தன. ஒன்று அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தது. மற்ற இரண்டும் சிவப்புப் புள்ளிகளோடு யார் வீட்டுப் பிள்ளைகளோ என்றிருந்தன.

ஊர் விட்டு ஊர் போகாத பூச்சிகள் இவை. பெங்களூர் பிரேசர் டவுனிலேயே பிறந்து பிரேசர் டவுனிலேயே சாகிறவை. ஒரே இடத்தில் கிடந்தும் இவற்றின் மரபணுவில் எத்தனை வகை இருக்கிறது என்பதுதான் லாயிட்டின் ஆராய்ச்சி. ஆரம்பித்துவிட்டால் அவனை நிறுத்த முடியாது. என்றைக்கோ செத்துப்போன பாட்டியின் சாயல் உள்ளுக்குள் பதுங்கியிருந்து, திடீரென்று ஒரு பேத்தியிடம் தலைகாட்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, லாயிட்டைக் கட்டிய தங்கை குளோரியாவைப் பார்க்க வந்திருந்த ஜெயராஜ் சும்மா இருக்கிற ஆளா?

"அப்பன் ஒருத்தன்தான்னு என்ன மாப்ள கியாரண்டி?"

"கூண்டுல வேற ஆணே இல்லையே!"

சொன்ன பிறகுதான் குளோரியா பின்னால் நிற்பதை லாயிட் பார்த்தான். இடுப்பில் குழந்தை. இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத பூனைக்கண் அதற்கு. 'இது யார் சாயல்?' என்று அவன் கேட்ட நாளிலிருந்து அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

லாயிட்டுக்குக் காது மடல் சுட்டது. சீ, பூச்சிக்குச் சொன்ன நியாயத்தைப் பெற்ற பிள்ளைக்குச் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் அண்ணனிடம் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் முதலில் வந்தது. அதை நினைக்க இன்னும் கூசியது.

அவளோ கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயராஜ் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் கிளம்பினான்.

"சர்ச் பக்கமே காணோமே உன்ன? அடுத்த வாரம் வந்துடும்மா. சரி, வா, கேட்டைத் திற."

"என்கிட்ட சாவி கிடையாதுண்ணா," என்றாள் குளோரியா. "எப்பவும் அவர் பாக்கெட்டுலதான். வேலைக்குப் போறப்பவும் வெளிய பூட்டிட்டுத்தான் போவாரு."

ஜெயராஜின் சிரிப்பு பாதியில் நின்றது.

லாயிட் பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டான். வெளியே எடுக்க முடியவில்லை.