அப்பா பார்த்த யானைக்கூட்டம்

"நமீபியா பாலைவனத்துக்கே சஃபாரி புக் பண்ணிட்டனுங்கப்பா!" மோனிஷா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

ஜீவானந்தம் திரையிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டார். "கொடைக்கானல் போலாமே சாமி. அங்க ஒரே அனலு."

"நான் ரெண்டாவது படிக்கறப்ப மூணு வருசம் அங்கதானுங்களே போர்வெல் போடற வண்டி ஓட்டுனீங்க? நீங்க போர் போட்டதும் தண்ணி பீறிட்டு வந்து, யானைக்கூட்டம் குடிச்சுதுன்னு எத்தனை வாட்டி சொல்லியிருப்பீங்க! அந்த எடத்தைப் பாக்க வேண்டாமா?"

"பழைய பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சே..."

"அதான் புதுசு வந்துருச்சுங்களே. விசா பாரத்தை நானே நிரப்பிட்டேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். பெற்ற மகளின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டு பாரத்தின் மேல் குனிந்தார்.

இதற்கு முன் இந்த நாட்டுக்கு வந்திருக்கிறீர்களா? 'இல்லை' என்று நிரப்பியிருந்தாள்.

குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருக்கிறீர்களா? 'ஆம்.'

குடித்துவிட்டுப் போர் வண்டியை ஓட்டி ஒரு உயிரைப் பறித்ததற்காக, அந்த மூன்று வருடமும் அவர் ஜெயிலில்தான் இருந்தார்.

"சாமி... உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது படிக்கறப்பவே. பள்ளிக்கூடத்துல பசங்க சொன்னாங்க." நழுவி விழுந்த பேனாவை எடுத்து அவர் விரல்களுக்குள் வைத்தாள். "நீங்க யானைக் கதை சொல்றப்பெல்லாம் உங்க மொகத்தைப் பாப்பேன். நம்புன மாதிரியே இருந்துட்டேன். போடுங்கப்பா, இந்த வாட்டி நெசமாவே போயிட்டு வரலாம்."