கேரண்டி

தோல் தைப்பவள் தடித்த ஊசியின் முனையில் மை தடவி, மெஷினின் கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றுகிறாள். ஊசி இறங்கி, தகட்டுத் துளையின் விளிம்பில் ஒரு கரும்புள்ளி வைக்கிறது. புள்ளி விழுந்த இடத்தை அரத்தால் கறகறவென்று தேய்க்கிறாள். ஊசியைக் கவ்வும் தண்டின் துளையைக் காலையிலேயே பெரிதாக்கிவிட்டாள், தகடுதான் பாக்கி. ஜன்னல் வெயிலில் இரும்புத்தூள் மினுங்குகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பக்கத்தில் அவன் செயற்கைக்கால் கிடக்கிறது, நேற்று நடுரோட்டில் தையல் விட்டுப்போன வாரோடு. அவள் இதே மெஷினில் தைத்த வார்தான். மெல்லிய நூல், அதைவிடத் தடித்ததை மெஷினோடு வந்த ஊசி தாங்காது. மெஷினை விற்றவர் வாசலில் நிற்கிறார். "கண்ட இடத்துல அரத்தைப் போட்டா கேரண்டி போயிடும்மா. தையல் விட்டது உன் கைத் தப்பு." அவள் குனிந்தபடியே தூளை ஊதுகிறாள், அது அவர் வெள்ளைச் சட்டையில் போய் ஒட்டுகிறது. மறுபடி மை, மறுபடி ஒரு சுற்று. இம்முறை ஊசி விளிம்பில் உரசவில்லை, புள்ளி விழவில்லை. தடித்த நூல் புது வாரில் ஏறி இறங்குகிறது. "நேத்து லாரிக்காரன் பிரேக் போட்டதால எங்கண்ணன் இங்க உட்கார்ந்திருக்காரு. கேரண்டி அவன் கொடுத்தது. நீங்க கிளம்புங்க." சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது.