கொட்டகை மட்டும் பொருந்தவில்லை

"போச்சு! மறுபடியும் மென்னோ நிலத்துக்குள்ள ரெண்டு மீட்டர் போயிருச்சு!" ஐலர்ட் மேசையை ஓங்கிக் குத்தினான். தேநீர்க் கோப்பை குலுங்கியது.

"எது, மாடா?" என்றாள் அவன் மனைவி வீப்கா அடுப்படியிலிருந்து.

"கொட்டகை!"

அவள் பதறவில்லை. கொட்டகை போனது கம்ப்யூட்டருக்குள். டிராக்டர் ஓட்டி, உழுது விதைக்கும் விளையாட்டு அது. அதற்குத் தன் சொந்த ஊரையே மேப்பாக வரைந்துகொண்டிருந்தான் ஐலர்ட், பதினான்கு மாதமாக.

கடலோர அணை, காற்றாலை, தேவாலயம், நாற்பத்தாறு வீடுகள், எல்லாம் அரசாங்க நில அளவைப் படத்தின் மேல் விரற்கடை பிசகாமல் உட்கார்ந்துவிட்டன. அவன் அப்பா கட்டிய டிராக்டர் கொட்டகை மட்டும் உட்கார மாட்டேன் என்றது.

நாளைக் காலை தீயணைப்பு நிலையத்தில் பெரிய திரை கட்டி ஊருக்கே காட்டப்போகிறார்கள். பக்கத்துப் பண்ணை மென்னோவும் வருவார்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி..." என்று ஆரம்பித்தாள் வீப்கா.

"உன் பழமொழிய நீயே வெச்சுக்க!"

நாலு தடவை டேப் பிடித்துக் கொட்டகையை அளந்தாயிற்று. அளவில் தப்பில்லை. இரண்டு மீட்டர் இந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தான், வீட்டுச் சுவரில் போய் இடித்தது. எல்லைக் கோட்டை அந்தப் பக்கம் தள்ளினால் மென்னோவின் பார்லி வயல் வாய்க்காலில் இறங்கியது. சனியன் பிடித்த கொட்டகை!

"அப்படியே விட்டுத் தொலையேன். விளையாட்டுதானே?"

"விடறதா? போன வருஷம் அவரு ஏர் நம்ம பக்கம் ஒரு சாண் ஏறிடுச்சுன்னு வக்கீல் நோட்டீஸ் விட்டவன் நான். நாளைக்கு என் கொட்டகை அவரு வயல்ல நின்னா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். கம்ப்யூட்டர்ல நிலம் திருடறவன்னு பட்டப்பேரே வெச்சிருவானுங்க!"

"அப்ப அவருகிட்டயே போய்க் கேளு. பழைய எல்லைக் கல் எங்க இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும்."

"அந்த மனுஷன்கிட்டயா? நோட்டீஸ் வந்ததும் வாயே தொறக்காம ஒரு சாண் விட்டுக் குடுத்துட்டுப் போனவரு. அதுலேர்ந்து மூஞ்சி குடுத்தே பேசறதில்ல."

"வீம்பு பெருசா, மேப் பெருசா?"

மேப்தான் பெரிதாக இருந்தது. ஐலர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு, படத்தை அச்செடுத்துக்கொண்டு போனான்.

கதவைத் திறந்த மென்னோ எழுபதைத் தாண்டியவர். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அரசாங்கப் படத்துலயே தப்பு இருக்கு," என்று படபடவென்று சொன்னான் ஐலர்ட். "என் கொட்டகை உங்க வயல்ல நிக்கற மாதிரிக் காட்டுது. எல்லைக் கல் எங்க இருக்குன்னு காட்டுங்க, அங்கேர்ந்து அளந்து திருத்திடறேன். நாளைக்கு நாலு பேரு முன்னாடி உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

மென்னோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்தார்.

ஐலர்ட் வயல் பக்கம் திரும்பினான். கிழவரோ நேராக அவன் வீட்டு முற்றத்துக்குள் நடந்தார்.

"அங்க எங்க போறீங்க? எல்லை இந்தப் பக்கம்!"

மென்னோ காதில் வாங்கவில்லை. கொட்டகைக் கதவைத் தள்ளினார். டிராக்டரைச் சுற்றிக்கொண்டு பின்பக்க மூலைக்குப் போய், அங்கே கிடந்த வைக்கோல் கட்டைக் காலால் நகர்த்தினார்.

மண்தரையிலிருந்து ஒரு சதுரக் கல் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் சிலுவைக் குறி வெட்டியிருந்தது.

ஐலர்ட் எல்லைக் கல்லிலிருந்து பின்சுவர் வரை எட்டு வைத்து அளந்தான், சரியாக இரண்டு மீட்டர்.

மென்னோ காகிதத்தை மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"உன் மேப் சரியாத்தான் இருக்கு."