நனைகிற படம்

புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் புகைப்பட ஸ்லைடுகளைப் பத்திரமாக வைத்திருப்பதில் டீச்சரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெளிச்சம் படாத குளிர்ந்த அலமாரி, பெட்டிக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். உலர்ந்திருந்தால் அதன் மணிகள் நீலமாக இருக்கும், ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாகிவிடும்.

ஒரே ஒரு பெட்டியில் மட்டும், எத்தனை தடவை பொட்டலத்தை மாற்றினாலும் ஒரே வாரத்தில் இளஞ்சிவப்பு. காலமாகிவிட்ட அம்மாவின் படம் இருந்த பெட்டி அது. பஸ் ஸ்டாப்பில், கொட்டும் மழையில், மகள் வருவாள் என்று காத்து நனைந்துகொண்டு நிற்கிறாள் அம்மா.

“உங்கம்மா இன்னும் நனைஞ்சுக்கிட்டே இருக்காங்க போல,” என்று கணவர் கிண்டலடித்தார்.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. “இருங்க, இதுக்கு ஒரு வழி பண்றேன்.”

சீக்கிரம் நிறம் மங்காத ஸ்லைடு ஃபிலிமாகக் கேட்டு வாங்கினாள். மாடிப்படியில் பெரிய கறுப்புக் குடையை விரித்து வைத்துப் படமெடுத்தாள். கழுவி வந்ததும் அந்த ஸ்லைடை அம்மாவுக்குப் பக்கத்திலேயே செருகினாள்.

அடுத்த மாதம் திறந்தபோது மணிகள் பளிச்சென்று நீலம். இருவரும் புரொஜெக்டரைப் போட்டார்கள். குடைப் படத்தில் வெறும் படிகள்தான் இருந்தன. அம்மா படத்தில் அம்மா குடைக்குள் நின்றாள். தலைமுடிகூடக் காய்ந்திருந்தது.

“அப்பாடா!” என்றாள் டீச்சர், மனசு நிறைய.

கணவர் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். அம்மா குடையின் நடுவில் நிற்கவில்லை. ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் விட்டிருந்தாள்.