அழகம்மா போட்டோவின் கனம்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் வினோதா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கீழே லயத்து வரிசை வீட்டு வாசலிலிருந்தே அழகம்மா பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. மடுவத்தில் கொழுந்தும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. சிக்னல் மட்டும் உண்டு. சிக்னலைத் தேடி ஒரு பெண்பிள்ளை தனியாக மேடேறினால் விஷயம் இல்லாமலா இருக்கும்? வேறு யாராவது போய்ப் பார்ப்பதற்குமுன் அழகம்மா போய்ப் பார்த்தாள். தோட்டத்து நன்மைக்குத்தான்.

விஷயம் இருந்தது. முன்பள்ளி டீச்சர் வினோதா எழுதிய கதைப் புத்தகம் அன்றைக்கு இணையக் கடையில் ஏறுகிறது. அச்சுப் புத்தகம் இல்லை, போனில் வாசிக்கிற மின்னூல். லயத்துக் கதைகள். வீட்டுக்கு ஒரு முகம் என்று போட்டோவும் வைத்திருக்கிறாள்.

அழகம்மாவுக்கு அந்தப் போட்டோதான் முக்கியம்.

லயத்தில் நடந்த அத்தனை கல்யாண ஆல்பத்திலும் அவள் இருக்கிறாள். ஓரத்தில், பாதித் தோளாக, யார் காதிலோ குனிந்தபடி. முழு முகமாக அவள் எதிலும் வந்ததில்லை. இதில்தான் வரப்போகிறாள். பட்டுச்சேலையை இரவல் வாங்கிக் கட்டி, கொழும்பிலிருந்து லீவில் வந்த மகன் கிஷாந்தின் புதுப் போனில் எடுத்த படம்.

"ஏற மாட்டேங்குது அழகம்மாக்கா," என்றாள் வினோதா. "கனம் கூடிப்போச்சாம். போட்டோங்கதான் கனம்."

"அப்ப பக்கத்து வீட்டுக் காளியாயி படத்தத் தூக்கு. ஆளப் பாத்தாலே தெரியலையா?"

வினோதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் பருமன் கணக்கில்லையாம். படம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு கனமாம். தட்டிக் காட்டினாள். காளியாயி கொழுந்து மாதிரி லேசு. இருந்ததிலேயே கனத்தது அழகம்மா. தலையில் வைத்த பூவை எண்ணலாம்.

"கணக்கப்பிள்ளை சாக்குக் கனத்துக்குன்னு நிறுவையில கழிக்கிறாரே, அந்த மாதிரி கொஞ்சம் கழிச்சுப் போடு புள்ள."

கழித்தும் பார்த்தாளாம். சுருக்கச் சுருக்க எல்லார் முகமும் பனிமூட்டத்தில் நின்ற மாதிரி ஆகிவிட்டது. ஒரு படத்தை மட்டும் எடுத்தாலோ, அந்த வீட்டுக்காரர் தீபாவளிவரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

ஆகவே எல்லாரும் வெளியே.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்த வினோதா, அழகம்மாவின் படத்தில் விரலை நிறுத்தினாள். ஒரு பாட்டம் சண்டை போடத்தான் அழகம்மா வாயைத் திறந்தாள். பிள்ளையோ படத்தை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய என்ன பாக்குற? எடு."

சொல்லிவிட்டுத் தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிச்சமிருந்தது வெறும் எழுத்து. வினோதா கடைசியாக ஒரு தடவை திறந்து பார்த்தாள். முன்பு இதே புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக அழகம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். எழுத்தெல்லாம் தேயிலைத்தூள் மாதிரி. பெரிசாக்கினால் பாதி வரி திரையைவிட்டு ஓடிவிடும். அழகம்மா கண் வலித்து மூடிவைத்துவிட்டு, வாசித்தாயிற்று என்று சொல்லியிருந்தாள்.

இது ஈபப் என்கிற மின்னூல் வகை. எழுத்தை எவ்வளவு ஊதினாலும் வரி தானாக மடங்கிக்கொள்கிறது.

கண்ணாடி இல்லாமலே அழகம்மா எட்டிப் பார்த்து வாசித்தாள்.

'எனக்கு அடுத்த வீட்டுக் கதை பேசுற பழக்கமே கிடையாது. ஆனாலும் சொல்றேன்.'

அடுத்த வரியை வாசித்தாள். போனைப் பிடுங்கி அதற்கடுத்ததையும் வாசித்தாள். மாமியாரோடு கோபித்துக்கொண்டு தகரக் கூரையில் ஏறிப் படுத்த மூக்கன். நல்லதண்ணி பஸ்ஸில் ஓடிப்போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்தவள். பெயர்களெல்லாம் மாறியிருந்தன. வாய் மாறவில்லை. தண்ணீர்ப் பீலியில் குடம் நிறையுமுன் அழகம்மா சொல்லி முடித்ததெல்லாம், இடையில் விட்ட பெருமூச்சு உட்பட, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை.

வினோதா போனை மெல்ல வாங்கி அழுத்தினாள். புத்தகம் ஏறிவிட்டது.

அழகம்மா மேட்டைவிட்டு இறங்கி வந்தாள். பீலியடியில் காளியாயி குடத்தோடு காத்திருந்தாள்.

"என்னக்கா, நம்ம போட்டோ வந்துருச்சா?"

"ஒருத்தர் படமும் வரல. அத விடு." அழகம்மா கல்லில் வசதியாக உட்கார்ந்தாள். "ஒன் மருமக கோவிச்சுக்கிட்டு வலப்பனைக்குப் போனாளே, அத மொதல்லருந்து சொல்லு. அவசரப்படாம சொல்லு."